கேமரா தலையிலிருந்து ஃப்ளாஷை இறக்குங்கள்: மண்டப மேடைக்கு ஸ்லேவ் ஃப்ளாஷ் – முழு வழிகாட்டி

ரிசப்ஷன் மேடையில் கேமராவின் தலைமேல் ஃப்ளாஷை மாட்டி நேராக அடித்தால் என்ன கிடைக்கும் என்று படமெடுக்கிற எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை நெற்றியில் வெள்ளைத் திட்டு, பட்டுச்சேலை ஜரிகை முழுக்க வெளிறல், ஆளுக்குப் பின்னால் அலங்காரத் திரையில் கறுப்பு நிழல். கூரையில் பட்டுத் திரும்பட்டும் என்று ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பிப் பார்க்கலாம். வீட்டு ஹாலில் அது நன்றாகவே வேலை செய்யும். மண்டபத்தில் கூரை எங்கோ உயரத்தில் இருக்கும்; பல இடங்களில் அது தங்கக் கலர் ஃபால்ஸ் சீலிங் வேறு. போன வெளிச்சம் முக்கால்வாசி திரும்பாது, திரும்புவதும் மஞ்சளாக வரும்.

வழி ஒன்றுதான்: ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் ஏற்றி, வயர் இல்லாமல் எரிய வைப்பது. அப்படி இன்னொன்றின் கட்டளைக்கு எரியும் ஃப்ளாஷைத்தான் ஸ்லேவ் என்கிறோம். கட்டளை கொடுப்பது மாஸ்டர். இங்கே இரண்டு, மூன்று ஸ்பீட்லைட்களை (கேமரா தலையில் மாட்டும் சின்ன ஃப்ளாஷ்) வைத்து ஒரு கல்யாண மேடைக்கு வெளிச்சம் போடுவதை முழுமையாகச் சொல்கிறேன். மேடைக்குப் பிடிபட்டால் வீட்டில் குழந்தைப் படம், கடைக்குப் பொருள் படம் எல்லாம் அதைவிடச் சுலபம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் எல்லா ஃப்ளாஷும் மேனுவலில், அதாவது பவரை நாமே வைக்கும் மோடில், இருக்க வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் தரும் இரண்டும் ரேடியோவில் எரிய வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து எரியும் ஆப்டிகல் ஸ்லேவ், இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் படம் கெடாது என்கிற மூன்றாவது விளக்குக்கு மட்டும்.

ஸ்லேவ் எதைப் பார்த்து எரிகிறது?

மூன்று விதம் உண்டு. வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலாவது, சாதா ஆப்டிகல் ஸ்லேவ். ஃப்ளாஷின் உடம்பில் ஒரு சென்சார் இருக்கும். இன்னொரு ஃப்ளாஷ் எரிந்து வெளிச்சம் சட்டென்று ஏறியதும் இதுவும் எரிந்துவிடும். இடையில் ஆகும் தாமதம் ஷட்டருக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. யாருடைய ஃப்ளாஷ், எந்த பிராண்ட் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. கோடாக்ஸ், யோங்நுவோ ஃப்ளாஷ்களில் எஸ்1, எஸ்2 என்று எழுதியிருப்பது இதுதான். நிகானின் எஸ்.பி.800 போன்றவற்றில் இதன் பெயர் எஸ்.யு.4. ஸ்டூடியோவில் வைத்திருக்கும் பெரிய மோனோலைட்களிலும் இது அநேகமாக இருக்கும்.

இரண்டாவது, கம்பெனிகளின் சொந்த ஆப்டிகல் முறை. நிகானின் சி.எல்.எஸ்., கேனானின் ஈ-டி.டி.எல். வயர்லெஸ் இந்த ரகம். இதிலும் வெளிச்சம்தான் தூது போகிறது. ஆனால் வெறும் 'எரி' என்ற கட்டளையோடு நிற்காமல், எந்த சேனல், எந்த குரூப், எவ்வளவு பவர் என்பதையும் படம் விழுவதற்கு முன் சின்னச் சின்னத் துடிப்புகளாக மாஸ்டர் அனுப்பிவிடும். நிகானில் 2004-இல் வந்த டி70-இன் பாப்-அப் ஃப்ளாஷே மாஸ்டர் வேலை பார்த்தது. கேனானில் அந்த வசதி 2009-இல் 7டியோடு வந்தது. பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத வழி. ஒரு ஃப்ளாஷ் இன்னொன்றைப் பார்க்க முடிந்தால்தான் வேலை செய்யும் என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது ரேடியோ. கேமராவின் ஹாட் ஷூவில் (தலைமேல் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) ஒரு ட்ரிக்கர், ஸ்டாண்டில் இருக்கும் ஃப்ளாஷில் ஒரு ரிசீவர். சுவர், தூண், ஆள், வெயில் எதுவும் இதற்குத் தடையில்லை. கேனான் 2012-இல் 600இ.எக்ஸ்.-ஆர்.டி.யிலும், நிகான் 2016-இல் எஸ்.பி.5000-இலும் ரிசீவரை ஃப்ளாஷுக்குள்ளேயே வைத்துவிட்டன. நம் ஊர்க் கல்யாணங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது ஷென்ஜென் கம்பெனியான கோடாக்ஸின் 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை. விலைதான் காரணம். அதனால் கீழே வரும் பட்டன் பெயர்களை அதையொட்டியே சொல்கிறேன். மற்ற பிராண்ட்களிலும் விஷயம் இதேதான், பெயர்தான் மாறும்.

முன்-ஃப்ளாஷ்: ஸ்லேவ் எரிந்தும் படத்தில் வெளிச்சம் இல்லையா?

புதிதாக ஆப்டிகல் ஸ்லேவ் வாங்கியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கண்ணெதிரே ஸ்லேவ் எரிகிறது. படத்தில் அதன் சுவடே இல்லை. ஃப்ளாஷ் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நடப்பது இது. கேமராவில் இருக்கும் மாஸ்டர் டி.டி.எல்.லில், அதாவது பவரைக் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ மோடில், இருந்தால் அது இரண்டு முறை எரியும். முதலில் அளவெடுக்க ஒரு சிறு மின்னல். கேமரா அதைப் பார்த்து பவரைக் கணக்குப் போடும். பிறகுதான் ஷட்டர் திறந்து நிஜ ஃப்ளாஷ் அடிக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது, நம் கண்ணுக்கு ஒரே மின்னலாகத் தெரியும். எஸ்1-இல் இருக்கும் ஸ்லேவோ முதல் மின்னலைப் பார்த்ததுமே தன்னிடம் இருந்ததைக் கொட்டிவிடும். ஷட்டர் திறக்கும்போது அது ரீசைக்கிள் ஆகிக்கொண்டிருக்கும், அதாவது அடுத்த மின்னலுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ரெட்-ஐ குறைக்கும் மோடு இருந்தாலும் இதே கதை.

சரி செய்ய இரண்டு வழி. நல்ல வழி, மாஸ்டரை மேனுவலுக்கு மாற்றிவிடுவது. மேனுவலில் ஒரே ஒரு மின்னல்தான். எஸ்1 சரியாக எரியும். பாப்-அப் ஃப்ளாஷ் என்றால் மெனுவுக்குள் போய் அதை டி.டி.எல்.லிலிருந்து எம்-க்கு மாற்றி, பவரைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். நிகானின் சில கேமராக்களில் அது 1/128 வரை போகும். ஸ்லேவை உசுப்ப அது போதும், முகத்திலும் தெரியாது. நிகானில் கமாண்டர் மோடில் (சி.எல்.எஸ். மாஸ்டராக இருக்கும் மோடு) விட்டுவிடாதீர்கள். அது அனுப்பும் துடிப்புகளைப் பார்த்தும் எஸ்1 முந்திக்கொண்டு எரியும்.

இன்னொரு வழி, ஸ்லேவை எஸ்2-இல் வைப்பது. அது முதல் மின்னலை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு எரியும். மாஸ்டரை மேனுவலுக்கு மாற்ற முடியாத சின்னக் கேமராக்களுக்கு இது கை கொடுக்கும். ஆனால் மாஸ்டர் இரண்டுக்கு மேல் துடித்தால் எஸ்2-உம் ஏமாந்துபோகும்.

ரேடியோ ட்ரிக்கரில் எல்லாம் மேனுவலாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கெட்டி மேளத்தின்போது

ஆப்டிகலை ஏன் முக்கிய விளக்குக்கு வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தாலி கட்டும் அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். கெட்டி மேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது. பெண் வீட்டு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர், கேமரா வைத்திருக்கும் சித்தப்பா என்று ஆளாளுக்கு அடிக்கிறார்கள். உங்கள் ஆப்டிகல் ஸ்லேவ் ஒவ்வொருவருடைய ஃப்ளாஷுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்தும் நேரத்தில் அதன் கெபாசிட்டர் காலி. மூன்று முடிச்சில் ஒன்றுகூட சரியான வெளிச்சத்தில் கிடைக்காது. போதாக்குறைக்கு, உங்கள் ஸ்லேவ் அடுத்தவர் படத்திலும் கணக்கில்லாமல் வெளிச்சம் கொட்டியிருக்கும்.

செல்போனின் எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் ஸ்லேவை எரிய வைக்காது, அது சட்டென்று ஏறும் மின்னல் இல்லை. டி.ஜே. ஆட்களின் ஸ்ட்ரோப் விளக்கு அப்படி இல்லை.

கையில் என்னென்ன வேண்டும்?

ரேடியோ ரிசீவர் உள்ளே இருக்கும் மேனுவல் ஃப்ளாஷ் இரண்டு. கோடாக்ஸ் டி.டி.600 அல்லது அதற்கு இணையானது போதும். டி.டி.எல். ஃப்ளாஷ் ஏற்கெனவே இருந்தால் அதையே மேனுவலில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, மூலையில் கிடக்கும் எந்தப் பழைய ஃப்ளாஷும் ஆகும், ஆப்டிகல் ஸ்லேவ் இருந்தால்.

ட்ரிக்கர் உங்கள் கேமரா பிராண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். நிகான் ட்ரிக்கரை சோனியில் மாட்ட முடியாது. ஸ்டாண்டில் இருக்கும் ஃப்ளாஷ் எந்த பிராண்டுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தாலும், ட்ரிக்கரோடு ஒரே ரேடியோ முறையைச் சேர்ந்ததாக இருந்தால் சரி.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பன்னிரண்டு அடிக்காவது ஏற வேண்டும். கால்கள் அகலமாக விரிய வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் குழந்தைகள் ஓடும், பந்திக்குப் போகும் கூட்டம் இடிக்கும். மணல் மூட்டை இல்லையென்றால் தண்ணீர் பாட்டில் போட்ட ஒரு பையைக் காலில் கட்டித் தொங்கவிடுங்கள். வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை 43 அங்குலம், வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் குடை. சாஃப்ட்பாக்ஸ் அழகான வெளிச்சம் தரும்தான், ஆனால் விரிக்க நேரமும் நிறுத்த இடமும் கேட்கும்.

பேட்டரி விஷயத்தில் சாதா அல்கலைன் செல் வாங்கிப் போடாதீர்கள். எழுதியிருக்கும் வோல்ட் 1.5 என்றாலும், ஃப்ளாஷ் ஒரே மூச்சில் இழுக்கும் கரண்ட்டை அதனால் ஈடுகொடுத்துத் தர முடியாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், ஆனால் உள்மின்தடை குறைவு; ரீசைக்கிள் வேகமாகும். எனலூப் போன்ற 2000 மில்லிஆம்ப்-அவர் செல்களை நான்கு நான்காக எண் எழுதி, செட் கலையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட்டில் ஒரு செல் களைத்தால் நான்கும் களைத்த மாதிரி.

பழைய பிலிம் காலத்து ஃப்ளாஷ் ஏதாவது வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றின் ட்ரிக்கர் வோல்டேஜ் 200 வோல்ட்டுக்கும் மேல். டிஜிட்டல் கேமராவின் ஹாட் ஷூவில் நேராக மாட்டினால் கேமராவின் சர்க்யூட் போய்விடலாம். தனி ஆப்டிகல் ஸ்லேவ் கண் ஒன்றைப் பொருத்தி, கேமராவைத் தொடாமல் தள்ளி வைத்து எரித்தால் கேமராவுக்கு ஆபத்தில்லை.

முதல் படி: வீட்டிலேயே ஜோடி சேர்ப்பது

மண்டபத்துக்குப் போய் மெனுவைத் தேடக் கூடாது. முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஃப்ளாஷில் வயர்லெஸ் பட்டனை அழுத்தி ரேடியோ ஸ்லேவ் மோடுக்குக் கொண்டுவாருங்கள். ட்ரிக்கரிலும் ஃப்ளாஷ்களிலும் சேனல் ஒன்றாக இருக்க வேண்டும். கோடாக்ஸில் 1 முதல் 32 வரை உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே 1-இல் விடாதீர்கள், பக்கத்து போட்டோகிராபரும் அதில்தான் இருப்பார். ஒரே மண்டபத்தில் இரண்டு டீம் ஒரே சேனலில் இருந்தால் நீங்கள் அழுத்தும்போது அவர் ஃப்ளாஷும் எரியும், அவர் அழுத்தும்போது உங்களுடையதும். புதிய ட்ரிக்கர்களில் இதற்கு மேல் ஐ.டி. எண்ணும் வைக்கலாம். எல்லா ஃப்ளாஷிலும் அந்த வசதி இருந்தால் மட்டும் அதைப் போடுங்கள். ஒன்றில் இல்லாவிட்டாலும் அது மட்டும் பேசாமல் நிற்கும்.

இடது ஸ்டாண்டுக்கு குரூப் ஏ, வலதுக்கு குரூப் பி. ஃப்ளாஷின் முதுகில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். பிறகு தூங்கும் நேரத்தைப் பாருங்கள். ரிசப்ஷனில் வரிசை நின்று, சாப்பிடப் போய்விட்டு வருவதற்குள் ஃப்ளாஷ் தானாக அணைந்துவிடும் என்பது எல்லா டீமிலும் நடக்கிற கூத்து. கோடாக்ஸில் ஸ்லேவ் மோடுக்கென்று 60 நிமிடம், 30 நிமிடம் என்று தனி அமைப்பு இருக்கிறது, 60-இல் வையுங்கள்.

கேமராவில் மூன்று விஷயம். ஷட்டர் மெக்கானிக்கலில் இருக்கட்டும். பெரும்பாலான கேமராக்களில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் எரியவே எரியாது. மிரர்லெஸ் என்றால் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணையுங்கள், இல்லையென்றால் மேனுவல் அமைப்பில் திரை இருண்டு ஃபோகஸ் செய்வதே கஷ்டமாகும். ஷட்டரை சிங்க் ஸ்பீடுக்கு (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) மேல் ஏற்றாதீர்கள். அது கேமராவைப் பொறுத்து 1/160 முதல் 1/250 வரை இருக்கும். தாண்டினால் படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழும், ஃப்ளாஷ் எரியும் நேரத்தில் ஷட்டர் திரை சென்சாரின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருப்பதால்.

இரண்டாம் படி: முதலில் மண்டபத்தின் வெளிச்சம்

மேடைக்கு வந்ததும் ஃப்ளாஷை மறந்துவிடுங்கள். ட்ரிக்கரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/5.6, ஷட்டர் 1/100 என்று தொடங்கலாம். எஃப்/5.6 எதற்கென்றால், மேடையில் இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பம் முழுக்க ஃபோகஸில் இருக்க வேண்டும். 1/100 எதற்கென்றால், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரும் அதே கணக்கில் இருந்தால் பட்டை பட்டையாக விழும் தொல்லை குறையும். எல்.இ.டி. சுவர் வைத்த மேடையென்றால் ஒன்றிரண்டு வேகங்களை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தப் படத்தில் அலங்காரமும் சீரியல் லைட்டும் கொஞ்சம் அடங்கித் தெரிய வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் குறைவாக. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. பின்னணி கூடிப்போனால் ஷட்டரை வேகமாக்குங்கள், இருட்டானால் மெதுவாக்குங்கள். ஷட்டர் மண்டப வெளிச்சத்தை மட்டும் மாற்றும், ஃப்ளாஷைத் தொடாது. அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டையும் மாற்றும். பவரும் தூரமும் ஃப்ளாஷை மட்டும் மாற்றும். நான்கு குமிழிகளில் எது எதைத் திருப்பும் என்பது கைக்குப் பழகிவிட்டால், மேடையில் யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: ஸ்டாண்டை எங்கே வைப்பது?

புதிதாக வருபவர்கள் ஸ்டாண்டை மேடையிலேயே, ஆட்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக வைக்கிறார்கள். பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் நிறையக் கிடைக்குமே என்று. விளைவு: ஓரத்தில் நிற்கும் அத்தை வெந்துபோவார், நடுவில் நிற்கும் மணமக்கள் மங்கிப்போவார்கள்.

கணக்கு இதுதான். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகும். ஸ்டாண்டிலிருந்து முதல் ஆள் இரண்டு மீட்டர், கடைசி ஆள் நான்கு மீட்டர் என்றால் இருவருக்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். அதே ஸ்டாண்டை இரண்டு மீட்டர் பின்னால் நகர்த்துங்கள். இப்போது முதல் ஆள் நான்கு, கடைசி ஆள் ஆறு மீட்டர். வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுதான் மேல். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் இருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும்.

ஆகவே ஸ்டாண்டுகளைக் கேமராவுக்கு இருபுறமும், மேடைக்குக் கீழே, அகலமாக வையுங்கள். உயரம் மேடையில் நிற்பவர் தலைக்கு மேல் இரண்டு மூன்று அடி. மேடையே மூன்றடி உயரம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், இதற்காகத்தான் உயரமான ஸ்டாண்ட் கேட்டேன். இனி முக்கியமான ஒன்று: இடது குடையை இடது பக்கம் நிற்பவரை நோக்கித் திருப்பாதீர்கள். அதன் நடு, வலது பக்கக் கடைசி ஆளைப் பார்க்கட்டும். வலது குடை இடது கடைசியைப் பார்க்கட்டும். அருகில் இருப்பவருக்கு வெளிச்சத்தின் ஓரம்தான் படும், தூரத்தில் இருப்பவருக்கு நடு. வரிசை முழுக்க ஒரே சீராக வந்துவிடும்.

கண்ணாடி போட்ட மாமாக்கள் வந்தால் குடை அந்தக் கண்ணாடியில் வெள்ளையாகத் தெரியும். ஸ்டாண்டை இன்னும் ஒரு முழம் உயர்த்துங்கள், அல்லது இன்னும் வெளியே தள்ளுங்கள். 'கொஞ்சம் தலையைக் குனிங்க மாமா' என்று சொல்வதும் வேலை செய்யும்.

மணமக்களைத் தனியாக எடுக்கும்போது இந்த இரட்டை வெளிச்சம் தட்டையாக இருக்கும். அப்போது பி-யை இரண்டு ஸ்டாப் இறக்குங்கள், ஏ-யை நாற்பத்தைந்து டிகிரியில் விடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழுந்து மூக்குக்கும் கன்னத்துக்கும் வடிவம் வரும். வரிசை ஆரம்பித்ததும் பி-யைத் திரும்ப ஏற்ற மறந்துவிடாதீர்கள்.

நான்காம் படி: பவர்

குருட்டாம்போக்கில் தொடங்காமல், ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு எண்ணை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கைடு எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் வரும். பெட்டியில் 60 என்று போட்டிருப்பது தலையை 200 மிமீ-க்கு ஜூம் செய்தபோது உள்ள எண். குடைக்குள் அடிக்கும்போது 35 மிமீ அளவில் வைப்போம், அங்கே 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு 36-ஐ மூன்றால் வகுத்தால் 12. அதாவது முழுப் பவரில், ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப்/12. நாம் இருப்பது எஃப்/5.6-இல், அது இரண்டு ஸ்டாப் மிச்சம். ஐ.எஸ்.ஓ. 800 மூன்று ஸ்டாப் மிச்சம். குடை சுமார் இரண்டு ஸ்டாப்பைத் தின்னும். ஆக மூன்று ஸ்டாப் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பவரைப் பாதியாக்கினால் 1/8. நான்கு மீட்டருக்குத் தள்ளி வைத்திருந்தால் 1/4-க்குப் பக்கத்தில் வரும்.

1/8-இல் வேலை நடந்தால் யோகம். ரீசைக்கிள் கிட்டத்தட்ட உடனே ஆகும், செல் நீண்ட நேரம் நிற்கும், ஃப்ளாஷ் சூடாகாது. முழுப் பவரில் தொடர்ந்து அடித்தால் தலை சூடாகி ஃப்ளாஷ் தானே ஓய்வெடுத்துக்கொள்ளும், நீங்கள் கெஞ்சினாலும் எழாது. பவர் பற்றவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றுங்கள். இப்போதைய கேமராக்களில் அந்த நாய்ஸ் ஆல்பத்தில் தெரியாது.

இனி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஏ-யை மட்டும் எரித்து ஒரு படம். அதை அணைத்து பி-யை மட்டும் ஒரு படம். இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சேர்த்து ஒரு படம். இரண்டு விளக்கும் சேரும் நடுப்பகுதியில் ஒரு ஸ்டாப் கூடும். அங்கே நிற்பவர்கள்தான் மணமக்கள், அதனால் இரண்டையும் முக்கால் ஸ்டாப் இறக்க வேண்டியிருக்கும். உதவியாளர் யாரையாவது வெள்ளைச் சட்டையோடு நிறுத்திச் சோதியுங்கள். வெள்ளை வேட்டியும் பட்டு ஜரிகையும் வெடிக்காமல் நின்றால் மற்றதெல்லாம் நிற்கும்.

ஏன் டி.டி.எல். வேண்டாம் என்கிறேன் என்பதும் இங்கேதான் தெரியும். முதல் படத்தில் வெள்ளை வேட்டிக் கூட்டம், அடுத்த படத்தில் கறுப்பு கோட் போட்ட நண்பர்கள். டி.டி.எல். முன்னதில் பவரை இறக்கும், பின்னதில் ஏற்றும். மாப்பிள்ளை முகம் படத்துக்குப் படம் நிறம் மாறும். மேடையில் தூரம் மாறப்போவதில்லை. தூரம் மாறாத இடத்தில் மேனுவலை ஒருமுறை வைத்தால் வரிசை முடியும்வரை தொட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பின்னாலிருந்து ஒரு கீற்று

மூன்றாவது ஃப்ளாஷ் இல்லாமலும் படம் வரும். இருந்தால் பெண்ணின் தலைப் பூவுக்கும் தோளுக்கும் ஒரு விளிம்பு கிடைக்கும். கறுத்த கூந்தல் இருண்ட பின்னணியில் கரைந்துபோகாது. மேடையின் பின் ஓரத்தில், தூண் அலங்காரத்துக்குப் பக்கத்தில், கேமராவின் சட்டத்துக்கு வெளியே வையுங்கள். குடை வேண்டாம். தலையை 70 அல்லது 105 மிமீ-க்கு ஜூம் செய்து, 1/32-இல் தொடங்குங்கள். எஸ்1-இல் போடுங்கள். முன்னால் இருக்கும் இரண்டும் ரேடியோவில் எரியும்போது இது அவற்றைப் பார்த்து எரியும்.

சென்சார் முகம் பார்க்கும் திசைதான் இதில் சூட்சுமம். பல ஃப்ளாஷ்களில் அது உடம்பின் முன்பக்கச் சிவப்பு ஜன்னலில் இருக்கும், தலையில் இல்லை. ஆகவே உடம்பை முன் ஸ்டாண்டுகளின் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், தலையை மட்டும் மணமக்கள் பக்கம் திருகுங்கள். அலங்காரத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் பார்க்க வழியில்லை, எரியாது.

கல்யாணம் முடியும்வரை இதை அணைத்தே வைப்பது என் வழக்கம். கெட்டி மேளக் காரணம் ஒன்று. ஹோமப் புகை இன்னொன்று. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் புகை பளீரென்று எழும். ஒன்றிரண்டு படத்துக்கு அது அழகுதான். எல்லாப் படத்திலும் வந்தால் வீட்டார் கேட்பார்கள்.

நிறம்

ஃப்ளாஷ் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், பகல் வெளிச்சம் போல. மேடையின் மஞ்சள் விளக்குகள் 3200 பக்கம். ஃப்ளாஷுக்குச் சரியாக வைட் பேலன்ஸ் வைத்தால் முகம் சரியாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் வரும். பின்னணியும் ஒத்துவர வேண்டுமென்றால் ஃப்ளாஷ் தலையில் ஆரஞ்சு ஜெல் ஒட்டுங்கள், சி.டி.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள். முழு சி.டி.ஓ. போட்டால் கேமராவை 3200-க்கு இறக்கலாம். நான் பாதி சி.டி.ஓ. போட்டு 4000 பக்கம் நிற்பேன். முகம் சுத்தம், பின்னணியில் கல்யாணச் சூடு கொஞ்சம் மிச்சம். ஊதா, பச்சை எல்.இ.டி. விளக்குகளை எந்த ஜெல்லாலும் சமாளிக்க முடியாது. லைட் போடுகிறவரிடம் பேசி முகத்தில் விழும் இரண்டை மட்டும் திருப்பச் சொல்வதுதான் வழி.

வீடியோகிராபரிடமும் ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. 'அண்ணே, என் ஸ்டாண்ட் இங்க ரெண்டு பக்கமும் இருக்கும், உங்க ஃப்ரேம்ல வருதா பாருங்க' என்றால் போதும், அவர் 'ஓரமா ஒரு அடி தள்ளுங்க தம்பி' என்று முடித்துவிடுவார். பேசாமல் விட்டால் ரிசப்ஷன் பாதியில் யாராவது ஸ்டாண்டை நகர்த்துவார்கள், நாற்பத்தைந்து டிகிரி எங்கோ போய்விடும்.

எரியவில்லையென்றால்

ட்ரிக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அதற்கு எரிந்து, ஷட்டருக்கு எரியவில்லையென்றால் பிரச்சினை கேமராவில்: சைலன்ட் ஷட்டர், சரியாக நுழையாத ட்ரிக்கர், அழுக்கான ஹாட் ஷூ. உலர்ந்த துணியால் தொடர்புப் புள்ளிகளைத் துடைத்து மீண்டும் மாட்டுங்கள். டெஸ்ட்டுக்கும் எரியவில்லையென்றால் சேனல், குரூப், ஐ.டி., பிறகு தூக்கம், பிறகு செல், இந்த வரிசையில் பாருங்கள்.

தூரத்தில் சரியாக எரிந்து, பக்கத்தில் வைத்தால் தவறுகிறதா? சில கோடாக்ஸ் ட்ரிக்கர்களில் 0–30 மீட்டர், 1–100 மீட்டர் என்று தூர அமைப்பு உண்டு, சிறியதற்கு மாற்றுங்கள். நான்கைந்து படத்துக்கு ஒன்று இருட்டாக வந்தால் ரீசைக்கிள் முடிவதற்குள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். பவரை ஒரு ஸ்டாப் இறக்கி ஐ.எஸ்.ஓ.வை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். எல்லாப் படமும் ஒரே பக்கம் இருட்டாக இருந்தால், ஒரு குரூப் செத்துப்போய் நீங்கள் கவனிக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரிசையில் சற்று இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் திரையைப் பார்த்துவிடுங்கள்.

வெளியே வெயிலில்

மறுநாள் கடற்கரையில் ஜோடிப் படம் என்றால் ஆப்டிகல் ஸ்லேவை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். வெயிலில் அதன் கண் கூசிப்போகும், சில அடி தூரத்தில் எரிந்தாலே அதிசயம். ரேடியோ மட்டும்தான்.

வெயிலை அடக்க ஷட்டரை 1/1000-க்கு ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஹை ஸ்பீடு சிங்க் தேவை. டி.டி.600 போன்ற ஒற்றைப் பின் (அடியில் ஒரே ஒரு தொடர்புப் புள்ளி) ஃப்ளாஷ் கேமராவின் தலையில் இருக்கும்போது அதைச் செய்யாது. கோடாக்ஸ் ட்ரிக்கரோடு, ஸ்டாண்டில் ரேடியோ ஸ்லேவாக இருக்கும்போது செய்யும். ஆனால் ஒரே மின்னலாக இல்லாமல் ஷட்டர் ஓடும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டிருப்பதால் பலம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் குறைந்துவிடும். குடையைக் கழற்றிவிட்டு, இரண்டு ஃப்ளாஷையும் ஒரே ஸ்டாண்டில் சேர்த்துக் கட்டி, ஜோடிக்கு ஒன்றரை மீட்டர் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அல்லது லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டு சிங்க் ஸ்பீடுக்குள்ளேயே நில்லுங்கள். கடல் காற்றில் குடை விரித்த ஸ்டாண்டை ஆள் பிடிக்காமல் நிறுத்தவே வேண்டாம். மணல் மூட்டையோடு சேர்த்தே சாய்த்துவிடும்.